அதிகாலை மேசையா, சட்டைப்பைக் கொப்பியா? தினமும் வரைவதற்கான வழிகள் குறித்த ஓர் ஒப்பீடு

பாடசாலையில் சித்திரத்தை ஒரு பாடமாகக் கற்று, சாதாரண தரப் பரீட்சையோடு தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, தொழிலும் குடும்பமும் வந்தபின் மீண்டும் வரைய விரும்புவோர் மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும் குறைவில்லை. ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று கேட்டால் நேரமின்மையையே பெரும்பாலும் காரணமாகச் சொல்வார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டெனினும், நாளொன்றில் பத்து நிமிடம் கிடைப்பது அத்தனை அரிதன்று. கிடைத்த பத்து நிமிடத்தில் எதை வரைவது, எதனால் வரைவது, எங்கே இருந்து வரைவது என்ற கேள்விகளுக்கு அன்றாடம் புதிதாக விடை தேட நேர்வதால்தான் கொப்பி மூடியபடியே கிடக்கிறது. எனவே இங்கு ஒப்பிடப்படும் வழிகளை, நாள்தோறும் எடுக்க வேண்டிய முடிவுகளை எந்த வழி அதிகம் குறைக்கிறது என்ற அளவுகோலாலேயே நிறுத்துப் பார்க்கிறேன்.

புதிய பழக்கம் 21 நாட்களில் படிந்துவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரை 12 வாரங்கள் அவதானித்து 2010இல் வெளியிட்ட ஆய்வு வேறு கணக்கைத் தருகிறது. உணவு, பானம், உடற்பயிற்சி ஆகியவற்றுள் ஒரு சிறு செயலைத் தெரிவுசெய்து, அதனை நாளின் ஒரு குறித்த நிகழ்வோடு இணைத்துச் செய்தவர்களுக்கு, அச்செயல் யோசனையின்றி நிகழும் நிலை வர இடையமாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்கு ஆள் அது 18 நாட்களிலிருந்து, ஆய்வுக் காலத்தைத் தாண்டிக் கணிக்கப்பட்ட 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியது பழக்கத்தைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை. வரைவது அந்தப் பட்டியலில் இல்லாவிடினும், மணிக்கூட்டைவிட ஏற்கெனவே நிலைபெற்ற ஒரு செயலோடு கட்டிவிடுவதே பழக்கத்துக்கு வலு என்ற பாடம் நமக்கும் பயன்படும்.

முதலாவது வழி அதிகாலை மேசை. வீடு விழிக்கும் முன்னர் எழுந்து, முன்னிரவே எடுத்து வைத்த தாளின் முன் அமர்ந்து, அரை மணித்தியாலம் வரைவது என்பது பலரும் சொல்லும் ஆலோசனை. காத்தான்குடியிலோ கல்முனையிலோ சுபஹ் தொழுகை முடித்துத் திரும்பும் ஒருவருக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். தொழுகை ஏற்கெனவே அவரது நாளில் அசையாத இடத்தைப் பிடித்திருப்பதால், அதன் பின்னால் வரைதலை இணைப்பது எளிது. இடமும் கருவியும் தீர்மானமாகிவிடுவதால், எதை வரைவது என்ற ஒரே கேள்வி எஞ்சுகிறது. வர்ணத்தில் வேலை செய்வதற்கும் மேசைதான் இடம். சதுர மீற்றருக்கு 300 கிராம் நிறையுள்ள தடித்த நீர்வர்ணத் தாளை நனைத்து, ஒரு பூச்சுக் காயும்வரை காத்திருந்து, அடுத்ததைப் பூசுவதற்குப் பஸ் தரிப்பிடம் இடம் தராது. காற்றும் இங்கே கணக்கில் வரும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் பூச்சுச் சீக்கிரம் காய்ந்து விளிம்பு கட்டிவிடும், மாரியில் அதே பூச்சு நெடுநேரம் ஈரமாகக் கிடக்கும்; இந்த வேறுபாட்டுக்குக் கையைப் பழக்க ஒரு நிலையான மேசை வேண்டும்.

ஆயினும் அதிகாலை ஆலோசனையை ஆண்களின் ஆலோசனை என்றே சொல்லத் தோன்றுகிறது. காலைச் சாப்பாட்டை ஆயத்தம் செய்து, பிள்ளைகளைச் சீருடையில் வெளிக்கிடுத்தி, 7.30 மணிக்கு முன்னர் பாடசாலை வாசலில் விட்டுவிட்டு, தானும் கந்தோருக்குப் போக வேண்டிய ஒரு தாய்க்கு நாளிலேயே நெருக்கடி மிகுந்த நேரம் அதுதான். இரவுக் கடமை முடிந்து வரும் தாதியருக்கு அதிகாலை என்பது உறங்கும் நேரம். படுவான்கரையின் வயற்காரருக்கோ விதைப்புக் காலத்தின் அதிகாலை ஒன்று, அறுவடைக் காலத்தின் அதிகாலை வேறொன்று. பெரும்போக அறுவடையின்போது இயந்திரம் எப்போது தன் வயலுக்கு வரும் என்று காத்திருப்பவர் மணி குறித்து மேசையில் அமர முடியாது. குடும்பத்தில் மற்றவர்கள் சுமையைப் பகிர்ந்தால் அன்றி நிலைக்காத ஒழுங்கை, மனவுறுதி சார்ந்த ஒழுங்காகக் காட்டுவது நியாயமன்று.

இரண்டாவது வழி, சட்டைப்பையிலோ கைப்பையிலோ அடங்கும் சிறு கொப்பியை எப்போதும் உடன் வைத்து, காத்திருக்கும் நேரங்களில் வரைவது. இது புதிய யோசனையன்று. ஜெர்மனிய ஓவியர் அடோல்ஃப் மென்சலின் (1815–1905) மேலங்கியில் எட்டுப் பைகள் இருந்தன என்றும் அவற்றிற் சில வரைகொப்பிகளால் நிறைந்திருந்தன என்றும் பதிவாகியுள்ளது. நம் நாட்களில், சியாட்டில் நகரப் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ 2007இல் தொடங்கிய ‘அர்பன் ஸ்கெச்சர்ஸ்’ அமைப்பு, இடத்துக்குப் போய் நேரிற் கண்டதையே வரைய வேண்டும் என்பதை முதல் விதியாக வைத்திருக்கிறது.

கிழக்கில் வாழும் ஒருவருக்குக் காத்திருக்கும் நேரம் தாராளமாகவே கிடைக்கிறது என்பது சற்றுக் கசப்பான உண்மை. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்கு வேலைக்கு வருபவர் பஸ்ஸுக்காக நிற்கிறார்; குருமண்வெளித் துறையில் மண்டூருக்குக் கடக்க இருப்பவர் ‘பாதை’ எனப்படும் மிதவைப் படகு மறுகரையிலிருந்து திரும்பும்வரை நிற்கிறார்; வைத்தியசாலைக் கிளினிக்கில் இலக்கம் எடுத்தவர், வங்கியில் துண்டு எடுத்தவர், டியூஷன் வகுப்பு விடும்வரை கேற்றடியில் மோட்டார் சைக்கிளோடு நிற்கும் தகப்பன்மார், தாய்மார் என எல்லோரும் நிற்கிறார்கள். இந்நேரங்களில் பெரும்பாலானோரின் கையில் தொலைபேசி இருக்கிறது. அந்த இடத்துக்குக் கொப்பி வந்தால் நாளிலிருந்து எந்த வேலையையும் குறைக்க வேண்டியதில்லை. இடத்தைத் தெரிவுசெய்யும் கேள்வியும் எழாது, ஏனெனில் காத்திருக்க நேர்ந்த இடமே வரையும் இடம். எதை வரைவது என்பதும் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது: துறையில் கட்டிய தோணி, கண்டலின் தாங்கு வேர்கள், காய வைத்த வலை, மதிலோரம் சாத்திய சைக்கிள். கண் முன்னால் இருப்பதில் அசையாத ஒன்றை எடுத்துக்கொண்டால் போதும். ஓடும் பஸ்ஸுக்குள் வரைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கோடு ஆடுவது ஒருபுறமிருக்க, தலைச்சுற்றோடு இறங்கும் ஒருவர் மறுநாள் கொப்பியை எடுக்கமாட்டார்.

இவ்வழியின் குறைகள் வேறு வகையானவை. பொதுவிடத்தில் வரையத் தொடங்கினால் தோளுக்குப் பின்னால் யாராவது வந்து நிற்பார்கள். சிறுவர்கள் என்றால் மகிழ்ச்சி, பெரியவர்கள் என்றால் விசாரணை. தனியே வாவிக்கரையில் அமர்ந்து வரையும் பெண்ணிடம் அந்த விசாரணை இன்னும் நீளும், ஆகவே பலர் வாகனத்துக்குள் இருந்தோ வகுப்பறைக்குள் இருந்தோ வரைவதையே விரும்புவது புரிந்துகொள்ளத்தக்கது. கிளினிக்கில் நோயாளரின் முகத்தை அனுமதியின்றி வரைவது முறையன்று. முதுகுப்புறம், மடியில் வைத்த பை, வாசலிற் குவிந்த செருப்புகள் என வரைவதற்கு அங்கே வேறு எவ்வளவோ உண்டு. முகாம் வாசலையும் காவலரணையும் விட்டுவிடுவது நல்லது, காரணத்தை இப்பகுதி வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கலைரீதியாகவும் ஒரு குறை இருக்கிறது. ஐந்து நிமிடத் துண்டுகளாகவே பழகும் கை, முழுமையான ஒரு காட்சியைக் கட்டியெழுப்பப் பழகாது. பழைய கல்லடிப் பாலத்தின் இரும்புச் சட்டங்கள் தூரத்தை நோக்கிச் சிறுத்துச் செல்வதையோ, 1628இல் போர்த்துக்கேயர் எழுப்பி 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய மட்டக்களப்புக் கோட்டையின் கொத்தளம் வாவியோரம் சரிந்து இறங்குவதையோ பிடிக்க ஒரு மணித்தியாலமாவது வேண்டும்.

கருவியைப் பொறுத்தவரை சிறு கொப்பிக்கு இணை பென்சில் அன்று, பேனையே. பென்சிலை எடுத்தால் கூடவே சீவியும் அழிறப்பரும் வரும். அழிறப்பர் வந்ததும் ஐந்து நிமிடத்தில் மூன்று நிமிடம் திருத்துவதிற் போகும். தவிரவும் 4பி போன்ற மென்மையான பென்சிற் கோடுகள், பைக்குள் பக்கங்கள் உராயும்போது மங்கிக் கலையும். ஜெல் பேனையின் மை வியர்வை பட்டாலே கசிவதுண்டு. கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் போல்பொயின்ட் பேனை எண்ணெய் சார்ந்த மையைக் கொண்டதால் ஈரத்தை ஓரளவு தாங்குகிறது. அழுத்தத்தைக் கூட்டிக் குறைப்பதால் மெல்லிய சாம்பல் நிறத்திலிருந்து கடும் நிறம்வரை தருகிறது. நெடுங்காலம் வெளிச்சம் பட்டால் அந்த மை மங்கிவிடும் என்பதால் சுவரில் மாட்ட விரும்பும் படைப்புக்கு அது உதவாது. மூடிய கொப்பிக்குள் இருக்கும் அன்றாடப் பயிற்சிக்கு இது ஒரு குறையே அல்ல.

கொப்பிக்குப் பதிலாகத் தொலைபேசியிலேயே வரையலாமே என்று இளையவர்கள் கேட்கிறார்கள். செலவில்லை, தாள் நனையாது, தவறிய கோட்டை ஒரு தட்டலில் மீட்கலாம். என் அளவுகோலில் அந்த மீட்டலே சிக்கல், ஏனெனில் ஒவ்வொரு கோட்டுக்கும் வைத்திருப்பதா நீக்குவதா என்ற தெரிவு வந்துவிடுகிறது; தூரிகை வகை, நிறம், அடுக்கு என்று செயலி தானாகவே கேள்விகளைப் பெருக்குகிறது. நண்பகல் வாவிக்கரை வெயிலில் திரையைப் பார்ப்பது கடினம். நடுவே ஒரு வட்ஸ்அப் செய்தி வந்தால் அன்றைய வரைதல் அங்கேயே முடிந்துவிடும். வரைபட்டிகையும் அதற்குரிய பேனையும் வைத்திருக்கும், வடிவமைப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அவர்களுக்கு அதுவே மேசை.

மூன்றாவதாக, தினமும் வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணித்தியாலம் அமர்ந்து ஒழுங்காக வரைவோம் என்போர் உளர். கணக்கு அவர்கள் பக்கமே: நாளுக்குப் பத்து நிமிடம் வாரத்தில் 70 நிமிடமே ஆகும், ஞாயிறோ 120 நிமிடம் தருகிறது. கல்லடிப் பாலமும் கோட்டையும் இவ்வழியில்தான் வசப்படும். ஆனால் நம் ஊர்களில் ஞாயிறு எவருக்கும் சொந்தமான நாளன்று. கலியாண வீடு, பூப்புனித நீராட்டு விழா, அந்தியேட்டி, வைகாசியில் கண்ணகை அம்மன் சடங்கு, ஆடியில் மாமாங்கத் திருவிழா என்று உறவும் ஊரும் அதற்கு முன்னுரிமை கோரும். ஒரு ஞாயிறு தவறினால் இரு வரைதல்களுக்கிடையே 14 நாட்கள் விழுகின்றன, அந்த இடைவெளியிற் கை பெற்ற நெகிழ்ச்சி போய்விடுகிறது. எங்கே போய் எதை வரைவது என்ற யோசனையிலேயே முதல் அரை மணித்தியாலம் கரைவதும் வழக்கம்.

தலைப்புப் பட்டியல்களைப் பின்பற்றுவதைச் சுருக்கமாகவே சொல்ல வேண்டும். அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தொடங்கிய ‘இன்க்டோபர்’ முறைப்படி ஒக்டோபரின் 31 நாட்களும் மையினால் நாளொரு படம் வரைய வேண்டும். நாளுக்கொரு சொல்லும் தரப்படும். எதை வரைவது என்ற கேள்வியை இது நன்றாகத் தீர்க்கிறது. ஆயினும் கற்பனைப் படத்தை ஒப்பேற்றி இணையத்திற் போட்டு முடிப்பதற்கான அவசரம் கூடிவிடுவதையும், நவம்பர் பிறந்ததும் பலர் ஓய்ந்துவிடுவதையும் பார்க்கிறோம். பட்டியல் வேண்டுமென்போர் ஒரு மாதத்துக்கு ஒரே பொருளைத் தாமே குறித்துக்கொள்ளலாம். ஒரு மாதம் முழுதும் தோணி, அடுத்த மாதம் கேற்று என்று வைத்துக்கொண்டால், இருபதாவது தோணியில் அணியத்தின் வளைவு கைக்கு வந்திருக்கும்.

இவ்வளவையும் வைத்துப் பார்க்கையில், வேலையும் வீடும் நெருக்கும் ஒருவர் சட்டைப்பைக் கொப்பியையே முதலில் எடுக்க வேண்டும் என்பது என் முடிவு. ஒரு நிபந்தனை உண்டு: ‘நேரம் கிடைக்கும்போது’ என்று விட்டுவிடாமல், அன்றாடம் தவறாது வரும் ஒரு காத்திருப்போடு அதனைக் கட்ட வேண்டும். காலைப் பஸ்ஸுக்கான காத்திருப்பு, கந்தோரில் பத்து மணிப் பிளேன்டீ, டியூஷன் கேற்று என அது எதுவாகவும் இருக்கலாம். கடமை நேரம் மாறிக்கொண்டே இருக்கும் தாதியர், மணியைப் பார்க்காமல் கடமையை ஒப்படைத்துவிட்டு வெளியேறும் கணத்தோடு அதை இணைக்கலாம். ஞாயிறு இதற்குப் போட்டியாக நிற்க வேண்டியதில்லை. கொப்பியில் வாரம் முழுதும் சேர்ந்த தோணிகளில் ஒன்றைப் பெரிய தாளுக்கு மாற்றுவதென்று வைத்தால், அந்நாளின் முதல் அரை மணித்தியாலம் யோசனையிற் கரையாது. விசேஷம் வந்து ஞாயிறு தவறினாலும் அன்றாட வரைதல் அறுபடாது. அதிகாலை மேசையை, வீட்டுச் சூழல் இடம்கொடுப்பவர்களும் நீர்வர்ணத்தில் தீவிரமாக இறங்க எண்ணுபவர்களும் எடுத்துக்கொள்ளலாம்.

கொப்பியை விலைகொடுத்து வாங்கவும் தேவையில்லை, அழகான தடித்த அட்டைக் கொப்பி உண்மையில் ஒரு தடை, ஏனெனில் அதன் பக்கங்களைப் பழுதாக்க எவருக்கும் மனம் வராது. பத்து ஏ4 தாள்களைக் குறுக்கே பாதியாக வெட்டி, கிடைக்கும் இருபது துண்டுகளையும் நடுவே மடித்து நூலாற் தைத்தால் ஏ6 அளவில் 40 இதழ்கள் வரும். 80 கிராம் தாளில் அழுத்திய பேனைக் கோடு மறுபக்கம் தெரியும் என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் பயன்படுத்தினால் 40 நாட்களுக்குப் போதும். இரண்டு கொப்பிகள் முடியும்போது அந்த 66 நாட்கள் கடந்திருக்கும். மாரி காலத்தில் பேனையோடு சேர்த்து ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டுக்கொள்ளவும்.