வாழைப்பழமா, கிராம்பா? பல வருட வைஸ்பியர் அனுபவம்

மியூனிக்கில் குடியேறியதிலிருந்து நான் வீட்டுக்கு வாங்குவது பெரும்பாலும் வைஸ்பியர் என்கிற கோதுமை பீர்தான். மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில், பாதியாவது கோதுமையாக இருந்தால்தான் ஜெர்மனியில் இந்தப் பெயரில் விற்க முடியும். ஆனால் பல பிராண்டுகளை மாற்றி மாற்றிக் குடித்ததில் ஒன்று தெளிவானது. ஒரு பாட்டிலுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் கோதுமையைவிட ஈஸ்ட்டில்தான் அதிகம். இதில் வரும் வாழைப்பழ வாசனையையும் கிராம்பு வாசனையையும் யாரும் தனியாகச் சேர்ப்பதில்லை. நொதிக்கும்போது ஈஸ்ட்டே உண்டாக்குகிறது. இரண்டில் எது தூக்கலாக நிற்கிறது என்பதை வைத்தே நான் பாட்டிலைத் தேர்ந்தெடுக்கிறேன்.

வாழைப்பழம் பிடித்தவர்களுக்கு வைஹென்ஸ்டெஃபானர். மியூனிக்குக்குப் பக்கத்து ஊரான ஃப்ரைசிங்கில் ஒரு குன்றின் மேல் இருக்கிறது இந்த ஆலை. 1040 முதல் பீர் காய்ச்சுவதாகச் சொல்கிறார்கள். 5.4 சதவீத ஆல்கஹால், கெட்டியான வெள்ளை நுரை, வாசனையில் பழம், ஆனால் தொண்டையில் இனிப்பு தங்காது. முதன்முதலாகக் குடிப்பவர்களுக்கு நான் இதைத்தான் ஊற்றிக் கொடுப்பேன். எர்டிங்கர் இதைவிட மென்மையானது. வெயில் நாளில் சுகமாக இறங்கும், ஆனால் வாசனை தேடிக் குடிக்கும் எனக்குப் போதவில்லை. ஈஸ்ட்டை வடிகட்டிய கிறிஸ்டால் வகையும் அப்படித்தான்.

என் மனசுக்கு நெருக்கமானது ஷ்னைடர் வைஸ. செம்பழுப்பு நிறம், முகர்ந்ததும் கிராம்பு, அதன் பின்னால் வறுத்த தானிய மணம். மால்ட்டை ஊறவைக்கும்போது 45 டிகிரியை ஒட்டிச் சிறிது நேரம் நிறுத்தினால் தானியத்திலிருந்து ஃபெருலிக் அமிலம் வெளியேறும். அதைத்தான் ஈஸ்ட் கிராம்பு வாசனையாக மாற்றுகிறது. இந்த பீருக்கு ஒரு வரலாறும் உண்டு. மியூனிக்கைத் தலைநகராகக் கொண்ட பவேரியாவில் கோதுமை பீர் காய்ச்சும் உரிமை டேகன்பெர்க் பிரபுக்களிடம் இருந்தது. 1602இல் அந்த வம்சம் அற்றுப்போனதும் அது ஆளும் விட்டல்ஸ்பாக் குடும்பத்துக்குப் போய் நல்ல வருமானம் தந்தது. பின்னால் மற்ற பீர்கள் ஓங்க, இதைக் கேட்பார் குறைந்தார்கள். 1872இல் கேயார்க் ஷ்னைடர் அந்த உரிமையைப் பெற்றுத் தனியாகக் காய்ச்சத் தொடங்கினார். இன்றைய வைஸ்பியர் பிரியர்கள் எல்லோரும் அவருக்குக் கடன்பட்டவர்கள் என்றே நினைக்கிறேன். மியூனிக்கின் தால் வீதியில் இருக்கும் அவர்களுடைய உணவகத்தில் காலையில் வைஸ்வூர்ஸ்ட் என்ற வெள்ளை சாஸேஜ், இனிப்புக் கடுகு, ப்ரெட்ஸல் என்ற முடிச்சு ரொட்டியோடு குடித்தால்தான் அந்தக் கிராம்பின் அருமை புரியும்.

எந்த பிராண்டாக இருந்தாலும் ஊற்றும் விதம் ரொம்ப முக்கியம். பாட்டிலை நிமிர்த்தியே வைக்க வேண்டும். உயரமான அரை லிட்டர் கிளாஸைக் குளிர்ந்த தண்ணீரில் அலசி, சாய்த்துப் பிடித்து மெதுவாக ஊற்றி, கடைசியில் கொஞ்சம் விட்டுவைக்க வேண்டும். அப்புறம் பாட்டிலைச் சுழற்றி, அடியில் தங்கிய ஈஸ்ட்டையும் சேர்த்து ஊற்றலாம். அது இல்லாமல் குடித்தால் பாதி ருசிதான். 7, 8 டிகிரி குளிர்ச்சி போதும். ஐஸாக இருந்தால் வாசனையே எழாது. எலுமிச்சைத் துண்டு வேண்டவே வேண்டாம், நுரை அடங்கிவிடும். வாங்கும்போது தேதியையும் பாருங்கள். நாளானால் முதலில் மங்குவது வாழைப்பழ வாசனைதான்.

இதற்கு விலக்கு அவென்டினுஸ். 1907 முதல் வரும் ஷ்னைடரின் கனத்த கோதுமை பீர் இது, 8.2 சதவீதம். கருமையான நிறம், உலர் திராட்சை, சாக்லேட், மறுபடியும் கிராம்பு. குளிர்ந்த இருட்டறையில் சில வருடம் வைத்தால் இன்னும் ஆழமாகிறது. குளிர்காலத்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு பாட்டிலை இரண்டு பேர் பகிர்ந்து குடிப்பதுதான் சரியான அளவு.