ரெஃபரன்ஸ் அடுக்க எது நல்லது: கையா, மெண்டெலியா, ஸோட்டெரோவா, பிப்டெக்கா?

போன சம்பா அறுவடை சமயத்தில் எங்கள் ஆய்வகத்துத் தங்கை ஒருத்தி மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். "அக்கா, நாலாவதா ஒரு பேப்பரைச் சேர்த்தேன். அதுக்கப்புறம் எல்லா நம்பரும் தப்பாயிடுச்சு." கட்டுரையில் எடுத்துக்காட்டிய மற்ற ஆய்வுகளின் பட்டியல், மொத்தம் 64 ரெஃபரன்ஸ், அத்தனையும் வேர்டில் கையால் தட்டியது. இரண்டு நாள் உட்கார்ந்து மாற்றினாள். அவள் அனுப்பிய ஜர்னல் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த ஜர்னலோ எண் வேண்டாம், ஆசிரியர் பெயரும் ஆண்டும் போட்டுக் கொடுங்கள் என்றது. மறுபடியும் முதலிலிருந்து.

எட்டு, பத்து ரெஃபரன்ஸ் உள்ள சின்னக் குறிப்புக்குக் கையே போதும். அதற்கு மேல் போனால் வேண்டாம். வேர்டிலேயே ஒரு மேற்கோள் வசதி இருக்கிறது, ஆனால் அதில் உள்ள நடைகள், அதாவது ரெஃபரன்ஸை எழுதும் பாணிகள், விரல்விட்டு எண்ணும் அளவுதான். நமக்கு வேண்டிய ஜர்னலின் நடை அதில் இருக்காது.

மென்பொருளுக்குப் போகுமுன் அந்த இரண்டு முறைகளைப் பற்றி. எண் முறைக்கு வான்கூவர் என்று பெயர் வந்தது, 1978-ல் மருத்துவ இதழாசிரியர்கள் கனடாவின் வான்கூவரில் கூடியதால். ஒரே வரியில் ஐந்து ஆய்வுகளைச் சொன்னாலும் இடம் அடைக்காது, வாசிப்பும் தடைபடாது. ஆனாலும் எங்கள் வேலைக்குப் பெயர்-ஆண்டு முறைதான் பொருந்தும் என்பது என் எண்ணம். நாகப்பட்டினம் கடலோர வயல்களின் உப்புத்தன்மையைப் பற்றி எழுதுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அளவைச் சொல்லிவிட்டு பக்கத்தில் 14 என்று எண் போட்டால், அது 2004 டிசம்பர் சுனாமிக்கு முந்தைய மண்ணா பிந்தைய மண்ணா என்று தெரிய, படிப்பவர் கடைசிப் பக்கம் போய்த் திரும்ப வேண்டும். அதே இடத்தில் 1998 என்று ஆண்டு இருந்தால் அந்த வரியிலேயே விளங்கிவிடும். என்ன செய்ய, முடிவு ஜர்னலுடையது. எல்ஸ்வியர் என்ற பதிப்பகத்தின் பல ஜர்னல்கள் முதல் தடவை அனுப்பும்போது எந்த நடையும் சரி, கட்டுரை முழுக்க ஒரே மாதிரி இருந்தால் போதும் என்கின்றன. மற்றவை அப்படி விடுவதில்லை. அதனால் ஒரு முறையிலிருந்து இன்னொன்றுக்குச் சட்டென்று மாற்றித் தருவதுதான் மென்பொருளிடம் நாம் கேட்கும் முதல் வேலை.

அந்த வேலையை எண்ட்நோட், மெண்டெலி, ஸோட்டெரோ மூன்றுமே செய்யும். எண்ட்நோட் காசு கொடுத்து வாங்குவது. உங்கள் கல்லூரி வாங்கித் தந்திருந்தால் பயன்படுத்துங்கள், மாணவர் கைக்காசைப் போட வேண்டியதில்லை. மற்ற இரண்டும் இலவசம். மெண்டெலி 2008-ல் வந்தது, 2013-ல் எல்ஸ்வியர் வாங்கியது. இலவசமாக 2 ஜிபி இடம் தருகிறது. ஸோட்டெரோ 2006-ல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பிறந்த திறந்தமூல மென்பொருள். அது தரும் இடம் 300 எம்பிதான். பிடிஎஃப்களை நம் கணினியிலேயே வைத்துக்கொண்டு விவரங்களை மட்டும் இணையத்தில் ஏற்றினால் அந்த அளவு ஒரு தடையே இல்லை. 10,000-க்கும் மேற்பட்ட நடைகள் அதற்குக் கிடைக்கின்றன. திரும்பப் பெறப்பட்ட ஆய்வுக் கட்டுரை ஏதாவது நம் சேகரிப்பில் இருந்தால் 2019-லிருந்து சிவப்புப் பட்டை போட்டு எச்சரிக்கவும் செய்கிறது.

நான் ஸோட்டெரோ பக்கம் நின்றதற்குக் காரணம் வேறு. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் ஊரில் பல நாள் கரண்ட் இல்லை, நெட்டும் இல்லை. பக்கத்துத் தெரு ஜெனரேட்டரில் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்து இரவில் ஆய்வேட்டை எழுதினேன். நெட் இல்லாமலேயே ஸோட்டெரோ வேர்டுக்குள் ரெஃபரன்ஸைச் செருகிக் கொடுத்தது. பழைய மெண்டெலி டெஸ்க்டாப்பும் அப்படித்தான் இருந்தது. ஆனால் 2022 செப்டம்பரோடு அதைப் புதிதாக இறக்கிக்கொள்ள முடியாதபடி நிறுத்திவிட்டார்கள். இப்போதுள்ள மெண்டெலி சைட் (வேர்டுக்குள் ரெஃபரன்ஸைச் செருகும் அதன் துணைக்கருவி) வேலை செய்ய, முதலில் இணையத்தில் உள்ள கணக்குக்குள் நுழைந்தாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் டெல்டாவில் உட்கார்ந்து எழுதுகிறவர்கள் இதை யோசித்துத்தான் ஆக வேண்டும்.

அடுத்தது பெயர். இதில் எந்த மென்பொருளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. குடும்பப்பெயருக்கு ஒன்று, சொந்தப் பெயருக்கு ஒன்று என்று மேலைநாட்டு வழக்கத்தை வைத்துச் செய்த பெட்டிகள் அவற்றில் உள்ளவை. நமக்கோ முன்னால் அப்பா பெயரின் எழுத்து, பின்னால் சொந்தப் பெயர். கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனில் எம் மான்கொம்பு என்ற ஊர், எஸ் சாம்பசிவன் என்ற தந்தை. சுவாமிநாதன் என்பதைக் குடும்பப்பெயர் பெட்டியில் போட்டால் எல்லாம் சரியாக வரும். இப்போது எம். செந்தில்குமார் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். ஜர்னல் படிவத்தில் குடும்பப்பெயர் கட்டாயம் என்று கேட்டதால் அவர் அங்கே எம் என்று மட்டும் போட்டிருப்பார். நாம் டிஓஐ எண்ணை (ஒவ்வொரு கட்டுரைக்கும் இணையத்தில் உள்ள அடையாள எண்) கொடுத்ததும் ஸோட்டெரோ அதை அப்படியே இழுத்து வந்து, பெயர்-ஆண்டு முறையைச் சேர்ந்த ஏபிஏ நடையில் "எம், எஸ். (2019)" என்று அச்சடிக்கும். மூன்று போகம் சேற்றில் நின்று அளவெடுத்தவரின் பெயர் இரண்டு எழுத்தாகச் சுருங்கிப்போகிறது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கஷ்டமாகிவிடும். மெண்டெலியிலும் இதே கதைதான். ஒவ்வொரு பதிவையும் திறந்து இரண்டு பெட்டியையும் கையால் இடம் மாற்ற வேண்டும். ஒரு தடவை திருத்திவிட்டால் எந்த நடைக்கு மாற்றினாலும் செந்தில்குமார் செந்தில்குமாராகவே வருவார்.

நிறுவனப் பெயருக்கு ஸோட்டெரோவில் இரண்டு பெட்டியை ஒரே பெட்டியாக்கும் பொத்தான் ஒன்று உண்டு. அதை அழுத்தாமல் பல்கலைக்கழகத்தின் பெயரைத் தட்டினால் அதையும் ஓர் ஆளாக நினைத்து முன்னெழுத்து பிரித்துவிடும். இன்னொன்று: ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் 1922-லிருந்து இருக்கிறது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவானதோ 1971-ல். 1960-களின் ஆடுதுறை ஆண்டறிக்கைக்குப் பழக்கதோஷத்தில் பல்கலைக்கழகத்தின் பெயரைப் போட்டுவிடாதீர்கள். அட்டையில் என்ன இருக்கிறதோ அதுதான்.

இயற்பியல், கணிதக்காரர்களுக்கு, கட்டுரையைக் குறியீடுகளோடு தட்டும் லேடெக்கும் அதற்கு ரெஃபரன்ஸ் அடுக்கித் தரும் பிப்டெக்கும்தான். பிப்டெக் 1985-லிருந்து இருப்பது, நூறு பக்கத்துக்கும் அசராது. அதன் வழக்கமான நடைகளில் ஒரு சிக்கல் உண்டு: தலைப்பில் முதல் எழுத்தைத் தவிர மற்ற பெரிய எழுத்தையெல்லாம் சின்னதாக்கிவிடும். ஆங்கிலத் தலைப்பின் நடுவே வரும் காவிரி சின்ன எழுத்தில் தொடங்கும், ஏடிடி 43 நெல் ரகத்தின் மூன்று ஆங்கில எழுத்தும் சிறுத்துப்போகும். அந்தச் சொற்களை நெளிவு அடைப்புக்குறிக்குள் போட்டால் தப்பிக்கும். நெல்லின் அறிவியல் பெயரைச் சாய்வெழுத்தாக்குவதையும் நாமேதான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஸோட்டெரோவிலும் தலைப்புக்குள் சாய்வுக் குறியீட்டை நாமே போட வேண்டும், ஆனால் புதிதாக வருகிறவர்கள் அதைப் பத்து நிமிடத்தில் பழகிவிடுகிறார்கள்.

அந்தத் தங்கைக்கு ஸோட்டெரோவைத்தான் ஏற்றிக் கொடுத்தேன். டிஓஐ உள்ள 51 கட்டுரைகள் மத்தியானத்துக்குள் உள்ளே வந்துவிட்டன. மீதி 13-ல் இரண்டு தமிழ்ப் புத்தகங்கள், மற்றவை பழைய அறிக்கைகள். அவற்றை நூலகத்தில் எடுத்து வைத்துக்கொண்டு அவள் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். சாயங்காலம் பெயர்ப் பெட்டிகளைச் சரிபார்த்தோம். ஒன்பது பேர் வெறும் எழுத்துகளாக இருந்தார்கள்.