மாரேஜிங் எப்பே வாள்: தேசியப் போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு வாங்கலாமா?

வாங்கலாம். எப்பே என்பது வாள்வீச்சு விளையாட்டில் முனையால் குத்தி ஆடும் வாள்; முனை அழுந்தினால் மின்விளக்கு எரியும். மாரேஜிங் என்பது அதன் அலகுக்கான ஒரு தனிவகை எஃகு. சாதாரண எஃகு அலகைவிட விலை கூடுதல்தான். ஆனால் மாரேஜிங் எஃகில் விரிசல் மெதுவாகத்தான் பரவும். நாள் முழுக்க ஆடும் போட்டிக்கு அந்த உறுதி அவசியம். 5ஆம் எண் அலகு 90 செ.மீ. நீளம். மணிக்கட்டு வலுப்படாத பிள்ளைக்கு முன்பக்கம் கனக்கும், அவசரப்பட வேண்டாம்.

தொல்லையெல்லாம் முனையில்தான். பெட்டியைப் பிரித்த கையோடு களத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். வாளைச் சோதனை விளக்கோடு இணைத்து, முனை மேலே இருக்கும்படி நிமிர்த்தி, அதன்மேல் 750 கிராம் எடைக்கட்டியை வைத்து, விளக்கு எரியும்வரை அழுத்திவிட்டு விடுங்கள். ஸ்பிரிங் எடையைத் தூக்க வேண்டும், விளக்கு அணைய வேண்டும். தூக்கவில்லை என்றால் ஸ்பிரிங்கை மாற்றுங்கள். அடுத்து 1.5 மி.மீ. தகடு முனைக்கும் அதன் கூட்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் நுழைய வேண்டும்; அங்கே 0.5 மி.மீ. தகட்டை வைத்து அழுத்தினால் விளக்கு எரியவே கூடாது.

முனையின் இரண்டு குட்டித் திருகாணிகளும் ஆட ஆடத் தளரும். நான்கைந்து உபரியாக வைத்திருங்கள். முனையை அழுத்தியபடி அலகை வளைக்கும்போது விளக்கு மினுக்கினால், அலகில் ஒட்டிய மின்கம்பி பசை பெயர்ந்த இடத்தில் அறுந்திருக்கலாம். வியர்வைத் துணியோடு ஒரே பையில் போட்டால் துரு நிச்சயம்.

ஒன்று போதாது, இரண்டு வாங்குங்கள். வாளை மின்கருவியோடு இணைக்க உடைக்குள் ஓடும் உடல் கம்பியும் இரண்டு வேண்டும்.