ஆறு இஞ்ச் டாப்சோனியனில் கிளேவியஸ்

பத்து மாதமாக என்னிடம் ஒரு டாப்சோனியன் டெலஸ்கோப் இருக்கிறது, அதாவது எளிய பீடத்தில் வைத்துக் கையால் திருப்பும், கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் வகை. 150 மி.மீ. கண்ணாடி, 1200 மி.மீ. குவியத்தூரம், பெட்டியிலேயே 25 மி.மீ., 10 மி.மீ. என்று இரண்டு ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்). வாங்கலாமா என்று யாராவது கேட்டால், நிலாவின் தெற்குப் பக்கம் இருக்கும் கிளேவியஸ் என்ற ஒரே ஒரு பள்ளத்தை வைத்துத்தான் பதில் சொல்வேன்.

அதற்குக் காரணம் என் தொழில். அச்சகத்தில் காலண்டருக்கு மெய்ப்பு பார்க்கிறேன். 1582-இல் அக்டோபர் 4-க்கு மறுநாளே அக்டோபர் 15 வந்ததே, அந்தக் காலண்டர் திருத்தத்தின் கணக்குகளை விளக்கி, எதிர்த்தவர்களுக்கெல்லாம் சளைக்காமல் பதில் எழுதியவர் ரோமன் கல்லூரிக் கணித அறிஞர் கிறிஸ்டோபர் கிளேவியஸ். மூலத் திட்டம் லூயிஜி லீலியோ என்ற மருத்துவருடையது. அது நடைமுறைக்கு வருவதற்குள் அவர் இறந்துவிட்டார். 2000 லீப் வருடம், 2100 லீப் வருடம் இல்லை என்று கட்டத்தைச் சரிபார்க்கும்போதெல்லாம் இந்த இருவரும் எனக்கு ஞாபகம் வருவார்கள். கிளேவியஸ் பெயரில் நிலாவில் ஒரு பள்ளம் இருக்கிறது என்று படித்த அன்றே டெலஸ்கோப் வாங்க முடிவு செய்துவிட்டேன்.

முதல் வாரம் ஏமாற்றம்தான். நட்சத்திரம் ஒவ்வொன்றும் வால் முளைத்தது போலத் தெரிந்தது. வரும் வழியில் கண்ணாடி சரிந்திருக்கிறது. பெரிய கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் மூன்று திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நேராக்க வேண்டும். இதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரிகூட இல்லை. விற்றவரிடம் கேட்டால் "பயன்படுத்தப் பயன்படுத்தச் சரியாகிவிடும்" என்றார். தானாகச் சரியாகாது. புதிதாக வாங்குகிறவர்கள் இந்த வேலையை முதல் நாளே கற்றுக்கொள்ளுங்கள், அரைமணி நேரம் போதும்.

அப்புறம் அந்த இரவு வந்தது. வளர்பிறையில் அரைநிலாவுக்கு மறுநாள். கண்ணாடி வெளிக்காற்றுக்குப் பழகட்டும் என்று அரைமணி நேரம் வெளியே வைத்திருந்தேன். 25 மி.மீ. ஐபீஸில், அதாவது 48 மடங்கில், வெளிச்சமும் இருளும் சந்திக்கும் கோட்டின் ஓரத்தில் ஒரு கறுப்புக் குளம். 10 மி.மீ.க்கு மாற்றினேன், 120 மடங்கு. குளத்தின் கரை மட்டும் வெயிலில் இருக்கிறது, தரை முழுக்க இன்னும் இருட்டு. அந்த இருட்டுக்கு நடுவே இரண்டு சின்ன வளையங்கள் ஒளிர்ந்தன. உள்ளே இருக்கும் இரண்டு சிறு பள்ளங்களின் விளிம்புகள் அவை. உயரமாக இருப்பதால் சூரிய உதயம் முதலில் அவற்றைத் தொடுகிறது. இருட்டில் ஒரு விலங்கு கண் விழித்துப் பார்ப்பது போல இருந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையங்கள் தடித்தன.

மறுநாள் தரை முழுக்க வெயில். கிளேவியஸின் குறுக்களவு சுமார் 230 கி.மீ. அதற்குள் ரதர்ஃபர்ட் என்ற பள்ளத்தில் தொடங்கி, ஒன்றைவிட ஒன்று சிறியதாகப் பள்ளங்கள் வில் போல வளைந்து போகின்றன. ரதர்ஃபர்டுக்கு அடுத்து 28 கி.மீ., 21 கி.மீ., 13 கி.மீ., 12 கி.மீ. என்று எல்லாவற்றையும் இந்த டெலஸ்கோப் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. காற்று அசையாத இரவுகளில் அதைவிடச் சிறியவையும் விட்டுவிட்டுத் தெரியும். புழுதியில் முதல் மழைத்துளிகள் விழுந்த தடம் போல இருக்கும். ஆறு இஞ்ச் கண்ணாடியிடம் இதற்கு மேல் நான் எதிர்பார்க்கவில்லை.

கிளேவியஸ் தன் பெயர் தாங்கிய இந்தப் பள்ளத்தைப் பற்றி அறியாதவர். 1612-இல் இறந்தார். ரிச்சியோலி என்ற இத்தாலிய வானியலாளர் தன் நிலா வரைபடத்தில் இந்தப் பெயரை வைத்தது 1651-இல். ஆனால் கடைசிக் காலத்தில் அவரும் டெலஸ்கோப்பில் நிலாவைப் பார்த்தார். டெலஸ்கோப்பில் பார்த்ததாகக் கலிலியோ சொல்வதெல்லாம் உண்மையா என்று 1611-இல் கர்தினால் பெல்லார்மின் கிளேவியஸ் உள்ளிட்ட ரோமன் கல்லூரிக் கணித அறிஞர்களைக் கேட்டபோது, மற்றவை சரி என்று ஒப்புக்கொண்டவர்கள் நிலாவின் மேடுபள்ளத்தில் மட்டும் தயங்கினார்கள். நிலாவின் மேற்பரப்பு கரடுமுரடானது இல்லை, உள்ளே அடர்த்திதான் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பது கிளேவியஸின் கருத்து. அப்போது அவருக்கு 73 வயது. ஆனால் அதே காலத்தில், தன் வானியல் பாடநூலின் கடைசிப் பதிப்பில், பிறையிலும் அரைநிலாவிலும் நிலா வியக்கும்படி உடைந்தும் சொரசொரப்பாகவும் தெரிகிறது என்றும் எழுதிவைத்தார். மனசு ஏற்காததைக்கூடக் கண் பார்த்தபடி பதிவு செய்த அந்த நேர்மைக்காகவே அவர் மேல் எனக்குத் தனி மரியாதை.

சரி, குறைகளுக்கு வருகிறேன். ஃபோகஸ் குமிழ் பிளாஸ்டிக், லேசாக ஆடுகிறது. 120 மடங்கில் நுணுக்கமாகத் திருப்பும்போது படம் நடுங்கும். குறிபார்க்க உதவும் ஃபைண்டரின் சிவப்புப் புள்ளியை அணைக்க மறந்தால் காலையில் பேட்டரி காலி. மோட்டார் இல்லாததால், நடுவில் வைத்த பள்ளம் ஒரு நிமிடத்துக்குள் ஓரத்துக்கு ஓடிவிடும், குழாயைக் கையால் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும். பழகினால் இது தொந்தரவே இல்லை. படம் தலைகீழாகத் தெரிவதால் முதலில் வரைபடத்தையும் திருப்பி வைத்துக்கொண்டேன். கூட வந்த 10 மி.மீ. ஐபீஸில் ஓரங்கள் மங்கல். அதற்குப் பதிலாக நல்ல 8 மி.மீ. ஒன்று வாங்கினேன், 150 மடங்கு, வித்தியாசம் கண்கூடாகத் தெரிகிறது.

நிலாவுக்காக வாங்குகிறீர்கள் என்றால் தயங்காமல் வாங்கலாம். பௌர்ணமியில் மட்டும் தொடங்காதீர்கள். அன்று நிழலே இருக்காது, பக்கத்தில் இருக்கும் டைக்கோ என்ற பள்ளத்தின் ஒளிக்கீற்றுகள்தான் கண்ணைப் பறிக்கும், கிளேவியஸைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். அரைநிலாவுக்கு மறுநாள், டைக்கோவுக்குத் தெற்கே.