சாம்பிள் ஒன்று, சரக்கு வேறு: லோகோ போட்ட யூனிஃபார்ம் சட்டையில் எங்கே கை வைக்கிறார்கள்

திருப்பூரில் கம்பெனி யூனிஃபார்ம் ஆர்டர் கொடுக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் போடுங்கள். எங்கள் ஆர்டர் இதுதான்: 150 காலர் டி-ஷர்ட், 60 ஃபார்மல் சட்டை, இரண்டிலும் இடது மார்பில் எம்ப்ராய்டரி லோகோ. பாதிப் பணம் முன்னால், மீதி லாரி ஏறும் முன். தைத்துக் கொடுக்கிற பார்ட்டி காட்டிய சாம்பிள் அருமை. வந்து இறங்கிய சரக்கில் சாம்பிளோடு ஒத்துப்போனது கலர் மட்டும்தான். பெயரைப் போடவில்லை, கேட்காதீர்கள். அவரைத் தவிர்த்துவிட்டு இதே வேலையைச் செய்கிற இன்னொருவரிடம் போய் மாட்டுவீர்கள். எங்கே வெட்டுகிறார்கள் என்று தெரிந்துகொள்வதுதான் பிரயோஜனம்.

பெரிய வெட்டு தையல் எண்ணிக்கையில். கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரிக்கு ரேட் ஆயிரம் தையலுக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்கள். 9 செ.மீ. அகல லோகோவுக்கு 8,000 தையல் என்று சொல்லி, அந்தக் கணக்கில் பில். லோகோவின் உள்பகுதியை நிரப்புகிற நிரப்புத் தையலில் வரிக்கு வரி இடைவெளி 0.4 மி.மீ. இருந்தால் துணி மூடும். சாம்பிளில் அப்படித்தான் இருந்தது. சரக்கில் அதை 0.6-க்கு விட்டுவிட்டார்கள். தையல் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும். மெஷின் நிமிடத்துக்கு 800 தையல் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு ஓட்டத்துக்குப் பத்து நிமிடம் ஆக வேண்டியது ஏழு நிமிடத்துக்குள் முடிகிறது. நூலும் மிச்சம், மெஷின் நேரமும் மிச்சம், பில்லில் 8,000 அப்படியே. நீல லோகோவின் ஊடாக வெள்ளைத் துணி பல்லிளித்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். பஞ்சிங் செய்தவரிடம், அதாவது லோகோவை மெஷினுக்கான தையலாக மாற்றியவரிடம், மெஷின் படிக்கிற டி.எஸ்.டி. ஃபைலைக் கேட்டு வாங்கி, கம்ப்யூட்டரில் சாதாரண நோட்பேடில் திறந்து பாருங்கள். முக்கால்வாசி புரியாத குப்பையாக இருக்கும், ஆனால் தலைப்பகுதி வாசிக்கிற மாதிரியே இருக்கும். 'எல்.ஏ.' என்ற எழுத்துகளுக்குப் பக்கத்தில் டிசைன் பெயர், 'எஸ்.டி.'க்குப் பக்கத்தில் தையல் எண்ணிக்கை, 'சி.ஓ.'வுக்குப் பக்கத்தில் எத்தனை முறை கலர் மாறுகிறது என்பது. அதற்குக் கீழே ப்ளஸ் எக்ஸ், மைனஸ் எக்ஸ் என்று இரண்டு எண். இரண்டையும் கூட்டிப் பத்தால் வகுத்தால் லோகோவின் அகலம் மி.மீ.யில் கிடைக்கும். சண்டை போட்டு வாங்கிய ஃபைலில் எஸ்.டி. 5,340. பில்லில் 8,000.

சாம்பிள் ஃபைலை அனுப்பிவிட்டு வேறு ஃபைலில் ஓட்டுகிற ஆட்களும் உண்டு. அதனால் சரக்கிலும் பார்க்க வேண்டும். நூல் எண்ணும் லென்ஸை நிரப்புத் தையல் மேல் வைத்து, ஒரு செ.மீ.க்குள் எத்தனை வரி என்று எண்ணுங்கள். சரியான நெருக்கத்தில் 25 வரி வரும். 16, 17 என்று வந்தால் உங்கள் காசு போய்விட்டது.

அடுத்து, பின்பக்கம். சட்டையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். டி-ஷர்ட் துணி பின்னலாடை, இழுத்தால் நீளும். தையலோ நீளாது. இரண்டையும் சேர்த்துப் பிடிக்க, கிழியாத, வெட்டி எடுக்கிற வகைப் பேப்பர்தான் பின்னால் வைக்க வேண்டும். கையால் கிழிகிற பேப்பர் ஃபார்மல் சட்டைத் துணிக்குப் போதும், டி-ஷர்ட்டுக்கு ஆகாது. இரண்டு மூன்று துவையலில் அது கரைந்துபோய், லோகோவைச் சுற்றித் துணி சுருங்கிச் சுருங்கி நிற்கும். எங்களுக்கு வந்தது கிழிகிற பேப்பர்தான். கூடவே அடித்தையலும் போடவில்லை. காலர் டி-ஷர்ட்டின் மேட்டி துணியில் குண்டும் குழியுமாக இருக்கும் மேற்பரப்புக்கு முதலில் ஒரு அடித்தையல், மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிம் ஒன்று, இரண்டும் இருந்தால்தான் லோகோ மேலே நிற்கும். இல்லாவிட்டால் துணிக்குள் அமுங்கிவிடும்.

சின்ன எழுத்து விஷயத்தில் பாதித் தப்பு வாங்குகிறவர் பக்கமும் உண்டு. விசிட்டிங் கார்டில் இருக்கும் லோகோவை அப்படியே, கீழே இருக்கும் வாசகத்தோடு தைக்கச் சொல்கிறோம். சாதாரண 40 நம்பர் நூலில் 5 மி.மீ. உயரத்துக்குக் கீழே போன எழுத்து படிக்கிற மாதிரி வராது. நல்ல பஞ்சிங் ஆள் முதல் போனிலேயே இதைச் சொல்லி, வாசகத்தை எடுக்கச் சொல்வார் அல்லது அதைவிட மெல்லிய 60 நம்பர் நூலும் மெல்லிய ஊசியும் போட்டுச் செய்கிறேன், ரேட் கூடும் என்பார். எதுவுமே சொல்லாமல் 'பண்ணிடலாம் சார்' என்கிறவரிடம் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

துணிக்கு வருவோம். 220 ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு 220 கிராம், என்று எழுதியிருந்தது. 10 செ.மீ.க்கு 10 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு வெட்டி, நகைக்கடைத் தராசு மாதிரி கிராமில் இரண்டு தசமம் காட்டுகிற தராசில் வையுங்கள். வருகிற கிராமை நூறால் பெருக்கினால் ஜி.எஸ்.எம். 2.2 கிராம் வர வேண்டிய இடத்தில் 1.85 வந்தது. அதாவது 185. ஒரு பீஸை வெட்டிக் கெடுக்க மனசு வராதுதான், 150 பீஸுக்கு ஒன்றைப் பலி கொடுங்கள். வெட்டிய துண்டிலேயே இரண்டு இழை உருவிக் கொளுத்தினால் கலப்பும் தெரிந்துவிடும்: பருத்தி பேப்பர் மாதிரி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கடினமான மணியாகிவிடும்.

சுருக்கம் பார்க்க, முதுகுப் பகுதியில் பால்பாயிண்ட் பேனாவால் நீளத்தில் 25 செ.மீ., அகலத்தில் 25 செ.மீ. குறி போட்டு, ஒரு முறை துவைத்து, காய வைத்து மறுபடி அளந்து பாருங்கள். 24 வந்தால் 4 சதவீதம். காம்பாக்டிங், அதாவது துணியை முன்கூட்டியே சுருக்கி வைக்கிற வேலை, சரியாகச் செய்யாத துணிதான் அதிகம் சுருங்கும். லோகோ பாலியஸ்டர் நூல் என்பதால் அது சுருங்காது, சுற்றியிருக்கும் துணி மட்டும் உள்ளே வாங்கும். லோகோ உப்பிக்கொண்டு நிற்பதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

நூலில் ஒரு தந்திரம் உண்டு. விஸ்கோஸ் நூலுக்குப் பளபளப்பு நன்றாக இருக்கும், சாம்பிளில் கண்ணைப் பறிக்கும். ஆனால் ப்ளீச் பட்டால் கலர் போய்விடும், ஈரத்தில் பலமும் குறைவு. யூனிஃபார்ம் என்றால் பாலியஸ்டர் நூல்தான். லோகோவின் பின்னால் தொங்கும் நூல் துண்டு ஒன்றை எடுத்து, நடுவில் மட்டும் ஈரமாக்கி இழுங்கள். ஈரமான இடத்தில் சட்டென்று அறுந்தால் விஸ்கோஸ்.

ஃபார்மல் சட்டையில் நடந்தது இன்னும் கொடுமை. லோகோ பாக்கெட்டின் மேல் வர வேண்டும். முறைப்படி பாக்கெட் துண்டைத் தனியாக எம்ப்ராய்டரி போட்டு, அதற்குப் பிறகு சட்டையில் வைத்துத் தைக்க வேண்டும். பார்ட்டி ரெடிமேட் சட்டையை ஸ்டாக்கில் எடுத்து, தைத்து முடிந்த பாக்கெட்டின் மேலேயே பிரேம் மாட்டி ஓட்டிவிட்டார். பாக்கெட்டும் சட்டையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. பேனா பாதியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அறுபது சட்டையும் இப்படியே. டி-ஷர்ட்டிலும் எல்லா சைஸுக்கும் ஒரே அளவில் குறி வைத்திருந்தார்கள். ஸ்மாலில் சரியாக இருந்த லோகோ, டபுள் எக்ஸெல்லில் கழுத்துப் பட்டைப் பக்கமாக நகர்ந்து ஏறிக் கிடந்தது. தோள் தையலிலிருந்து எத்தனை அங்குலம், நடுப்பட்டையிலிருந்து எத்தனை அங்குலம் என்பதை ஒவ்வொரு சைஸுக்கும் தனித்தனியாக ஆர்டரில் எழுதச் சொல்லுங்கள்.

கேட்டால் முதல் பதில் என்ன தெரியுமா? 'நீங்க துவைச்ச விதம் சரியில்ல சார்.' அதற்கு இடம் கொடுக்காமல் இருக்க, ஊழியர்களிடம் இதைச் சொல்லிவிடுங்கள். உள்பக்கம் வெளியே திருப்பி, சாதாரணத் தண்ணீரில், மிதமான சோப்பில் துவைக்க வேண்டும். லோகோ மேல் பிரஷ் வேண்டாம், கல்லில் அடிக்க வேண்டாம், ப்ளீச்சிங் பவுடர் பக்கமே போக வேண்டாம். அடர் கலரை முதல் இரண்டு துவையல் தனியாக. முறுக்கிப் பிழியாமல் நிழலில் உலர்த்தலாம். இஸ்திரிக்காரரிடம் கொடுத்தால் லோகோவைக் குப்புறப் போட்டு, கீழே டர்க்கி டவல் விரித்துத் தேய்க்கச் சொல்லுங்கள். கரிப்பெட்டிச் சூடு நேரடியாகப் பட்டால் பாலியஸ்டர் நூல் தட்டையாகிப் பளபளப்பு போய்விடும். நீட்டிக்கொண்டிருக்கும் நூலை இழுக்காமல் கத்தரியால் வெட்டுங்கள். பின்னால் இருக்கும் பேப்பரை லோகோவை ஒட்டி வெட்டாதீர்கள், அரை செ.மீ. விட்டு மூலைகளை வளைவாக வெட்டினால் தோலில் குத்தாது.

பில் விஷயம். 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை விற்கிற ஆயத்த ஆடைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். அதற்கு முன்பும் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம்தான். 450 ரூபாய் சட்டைக்கு 12 போட்டு யாராவது பில் கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் தமிழ்நாடு என்றால் 33-ல் ஆரம்பிக்கும், ஜி.எஸ்.டி. போர்ட்டலில் அடித்தால் சட்டப்பூர்வப் பெயர் வரும். பணம் போகிற வங்கிக் கணக்கின் பெயரும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் இல்லை, அதை முதலில் கவனித்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

நுகர்வோர் நீதிமன்றம் போகலாமே என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதியலாம். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் என்று சேர்ப்பதில்லை. சொந்தப் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவருக்கு மட்டும் விலக்கு. கம்பெனி பெயரில் பில் இருந்தால் எதிர்த்தரப்பு முதலில் கிளப்புவது இந்தக் கேள்வியைத்தான். அதனால் உங்கள் பிடி, ஆர்டர் தாளிலேயே இருக்க வேண்டும்: தையல் எண்ணிக்கை, ஜி.எஸ்.எம்., பேப்பர் வகை, நூலின் கம்பெனியும் ஷேடு நம்பரும், டி.எஸ்.டி. ஃபைல் வாங்குகிறவருக்குச் சேரும் என்ற வரி. ஷேடு நம்பர் ஏன் என்றால், டி.எஸ்.டி. ஃபைலில் கலர் பதிவாகாது, எங்கே மாற்ற வேண்டும் என்பது மட்டும்தான் இருக்கும். கடைசிப் பத்து சதவீதப் பணம், ஒரு பீஸ் துவைத்துப் பார்த்த பிறகுதான்.

'பிரிச்சுட்டு மறுபடி போட்டுத் தரோம்' என்று சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மேட்டி துணியில் ஊசி அறுத்த கண்ணி திரும்பச் சேராது, பிரித்த இடம் அடுத்த துவையலில் ஓட்டையாகும். புது பீஸ், இல்லாவிட்டால் பணம்.