வேர்ச்சொல் வழியே ஆங்கிலம்: சத்துவாச்சாரியில் ஒரு வார இறுதி வகுப்பு

லத்தீன், கிரேக்க வேர்ச்சொற்களைக் கற்பித்து, அவற்றைக் கொண்டு கடினமான ஆங்கிலச் சொற்களைப் பிரித்துப் பொருள் காணப் பழக்கும் வகுப்பு ஒன்று வேலூர் சத்துவாச்சாரியில் சனி, ஞாயிறுகளில் நடைபெறுகிறது. மூன்று மாதப் படிப்புக்குக் கட்டணம் 4,500 ரூபாய். படித்து முடித்தவன் என்ற முறையில், அத்தொகை தகும் என்றே கூறுவேன்.

எடுத்துக்காட்டுகளை நம் ஊரிலிருந்தே எடுப்பது இவ்வகுப்பின் பெருஞ்சிறப்பு. வேலூர் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனைக்குச் சென்றுவந்த எவரும் 'நெஃப்ராலஜி' என்ற பெயர்ப்பலகையைக் கண்டிருப்பார்கள். சிறுநீரகத்தைக் குறிக்கும் 'நெஃப்ரோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை அதிலிருந்து பிரித்துக் காட்டி, அழற்சியைக் குறிக்கும் 'ஐட்டிஸ்', வெட்டி நீக்குவதைக் குறிக்கும் 'எக்டமி', திறப்பு உண்டாக்குவதைக் குறிக்கும் 'ஆஸ்டமி' ஆகிய விகுதிகளை அதனுடன் சேர்க்கும்போது, நெஃப்ரைட்டிஸ், நெஃப்ரெக்டமி, நெஃப்ராஸ்டமி என்ற மூன்று சொற்களும் மனப்பாடமின்றியே விளங்கிவிடுகின்றன. அதே உறுப்புக்குரிய லத்தீன் வேர் 'ரீனல்', 'அட்ரினல்' ஆகிய சொற்களில் இருப்பதையும் உடனே காட்டினார்கள்.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இம்முறை புதிதன்று. 'நடந்தான்' என்பதை நட + த்(ந்) + த் + ஆன் எனப் பள்ளியில் பிரித்தவர்கள்தாமே நாம்! 'மரம்' என்பதோடு 'கள்' சேரும்போது மகரம் ஙகரமாகத் திரிவதைப் போலவே, 'இன்' என்ற லத்தீன் எதிர்மறை முன்னொட்டும் அடுத்து வரும் ஒலிக்கேற்ப 'இம்பாசிபிள்', 'இல்லீகல்', 'இர்ரெகுலர்' எனத் திரிகிறது. வகுப்பில் இதனை ஒருமுறைகூடச் சுட்டவில்லை என்பது எனக்குப் பெரிய ஏமாற்றம். பகுபத உறுப்பிலக்கணத்திலிருந்து தொடங்கியிருந்தால் தயங்கி அமர்ந்திருந்த பல மாணவர்கள் முதல் வாரமே தெளிந்திருப்பார்கள்.

கையேட்டில் உள்ள குறை இதனினும் முக்கியமானது. லத்தீன் வேர்களையும் கிரேக்க வேர்களையும் ஒரே பட்டியலில் கலந்து, 'பெட்' என்றால் பாதம் என்று மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். 'பெடஸ்ட்ரியன்' என்ற சொல்லுக்கு அது பொருந்தும். ஆனால் 'பீடியாட்ரிக்ஸ்' குழந்தையைக் குறிக்கும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டலில் கூடுதலாக வரும் 'ஏ' (a) என்ற ஆங்கில எழுத்து இந்த வேறுபாட்டைக் காட்டிக்கொடுக்கும். கையேடு அமெரிக்க எழுத்துக்கூட்டலைப் பின்பற்றுவதால் அத்தடயமும் மறைந்துவிட்டது. 'ஹோமோ' என்பதும் அவ்வாறே: லத்தீனில் மனிதன், கிரேக்கத்தில் 'ஒரே தன்மையுடைய'.

பொருள் மாறிய சொற்களுக்குத் தனிப் பாடம் தேவை. மந்தையிலிருந்து தனித்து நிற்பது என்ற வேர்ப்பொருளுடைய 'இக்ரீஜியஸ்' முன்னர்ச் சிறப்பைக் குறித்து, இன்று மிக மோசமானதைக் குறிக்கிறது. நறுமணத்தைக் குறித்த நம் 'நாற்றம்' அடைந்த கதியும் அதுதான். வேரை மட்டும் நம்பித் தேர்வு எழுதுபவர் இத்தகைய இடங்களில் தவறான விடையையே தேர்ந்தெடுப்பார்.

செவிலியர், மருத்துவம், மருந்தியல் படிப்போர் தயங்காமல் சேரலாம். வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜி.ஆர்.இ. தேர்வு எழுதுவோர் சேர்வதானால், கற்ற சொற்கள் நாளிதழ்க் கட்டுரைகளில் எவ்வாறு ஆளப்படுகின்றன என்பதையும் உடன் படித்துவர வேண்டும். வாக்கியப் பயிற்சிக்கு இங்கே நேரம் ஒதுக்குவதில்லை.