பழைய டிஜிற்றல் கமராவுக்கு எந்த மெமரி காட் நல்லது?

கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்த உறவினர் விட்டுப்போன டிஜிற்றல் கமரா யாழ்ப்பாணத்தில் பல வீட்டு அலுமாரிகளில் கிடக்கிறது. பற்றரியைச் சார்ஜ் பண்ணினால் பெரும்பாலும் வேலை செய்யும். காட் வாங்கப் போகும்போதுதான் சிக்கல். போன் கடையில் கேட்டால் 64 ஜிபி, 128 ஜிபி என்றுதான் எடுத்து வைப்பார்கள். அவை இன்றைய போனுக்குச் சரி, 2005ஆம் ஆண்டுக் கமராவுக்குச் சரிவராது.

நிக்கோன் டி50 வந்தது 2005இல். டி40 வந்தது 2006இன் கடைசியில். இரண்டிலும் காட் போடும் இடம் பார்க்க ஒரே மாதிரித்தான். ஆனால் டி50க்குப் பொருத்தமானது 2 ஜிபி வரையான சாதாரண எஸ்டி காட். டி40 எஸ்டிஎச்சி காட்டையும் வாசிக்கும், அதாவது 4 முதல் 32 ஜிபி வரை. "பார்மட் பண்ணிப் போடுங்கோ அண்ணை, வேலை செய்யும்" என்று கடைத் தம்பி சொல்லலாம். இந்த இடத்தில் பார்மட் உதவாது. சாதாரண எஸ்டி காட்டில் தரவு இருக்கும் இடத்தைக் கமரா பைட் கணக்கில் கேட்கும், எஸ்டிஎச்சியில் 512 பைட் கொண்ட கட்டங்களாகக் கேட்கும். பழைய கமராவுக்கு இரண்டாவது முறை தெரியாது. காட் நல்லதாக இருந்தாலும் பிழை என்றே காட்டும்.

64 ஜிபியும் அதற்கு மேலுமான எஸ்டிஎக்ஸ்சி காட்டின் கதை வேறு. அது இடத்தைக் கேட்கும் முறை எஸ்டிஎச்சியைப் போன்றதுதான், மாறியது பார்மட் மட்டுமே. அதனால் எஸ்டிஎச்சி பயன்படுத்தும் பாட்32 (FAT32) என்ற பார்மட்டுக்கு மாற்றிக் கொடுத்தால் எஸ்டிஎச்சி கமராக்கள் பலவற்றில் ஓடும். ஓடும் என்பதற்காக வாங்கச் சொல்லமாட்டேன். 6 மெகாபிக்சல் கமராவில் ஒரு ஜேபெக் படம் ஏறத்தாழ 3 எம்பி. 2 ஜிபி காட்டிலேயே அறுநூறு படம் அடங்கும். 8 ஜிபி போட்டால் ஒரு சாமத்திய வீட்டைக் காலையிலிருந்து இரவு வரை எடுத்தாலும் நிரம்பாது. வேகத்துக்கும் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை, கமரா தன் வேகத்தில்தான் எழுதும்.

முழு அளவு எஸ்டி காட்டா, அடாப்டரில் போட்ட மைக்ரோ எஸ்டியா? எஸ்டிஎச்சி கமராவுக்கு நான் முழு அளவுக் காட்டையே சொல்வேன். அடாப்டர் என்றால் தொடும் இடம் ஒன்று கூடுகிறது. அதன் பக்கத்திலுள்ள சின்னப் பூட்டு தளர்ந்துபோனால் "காட் பூட்டப்பட்டுள்ளது" என்று கமரா அடம்பிடிக்கும். ஆனால் டி50 போன்றவற்றுக்கு மைக்ரோ எஸ்டிதான் கைகொடுக்கும். புது 2 ஜிபி எஸ்டி காட் தேடி அலைவதைவிட, பழைய நோக்கியா போனில் கிடக்கும் 1 அல்லது 2 ஜிபி காட்டை எடுத்து அடாப்டரில் போட்டுப் பாருங்கள். காட்டின் செப்பு நிறத் தொடுமுனைகள் கறுத்திருந்தால் அழிறப்பரால் மெல்ல உரசி, தூசியைத் துடைத்துவிட்டுப் போடுங்கள்.

கனோன் 300டி, 350டி, 400டி, நிக்கோன் டி70 ஆகியவை கொம்பாக்ட் பிளாஷ் (சுருக்கமாகச் சிஎப்) என்ற பெரிய காட்டைக் கேட்பவை. உண்மையான சிஎப் காட் வாங்குவதா, எஸ்டி போடும் சிஎப் அடாப்டரா என்பதுதான் கேள்வி. அடாப்டரின் வசதி பெரியது. படம் எடுத்ததும் எஸ்டியை உருவி லப்டொப்பில் போடலாம், தனி ரீடர் வேண்டாம். ஆனால் அடாப்டர்கள் பல 5 மில்லிமீற்றர் தடிப்பான இரண்டாம் வகை. முதல் வகை மட்டும் ஏற்கும், 3.3 மில்லிமீற்றர் இடமுள்ள கமராவுக்குள் அவை போகவே போகாது. போனாலும் சில கமராக்கள் அதை ஏற்பதில்லை. இன்னொரு பயமும் உண்டு. கமராவின் உள்ளே 50 ஊசிகள் நிற்கின்றன. எஸ்டியை மாற்ற அடிக்கடி அடாப்டரை இழுத்துச் செருகும்போது கோணலாகப் போய் ஓர் ஊசி வளைந்தால், காட்டின் விலையைவிடத் திருத்தும் செலவு கூடும். என் தெரிவு 4 ஜிபி உண்மையான சிஎப், கூடவே ஒரு யுஎஸ்பி ரீடர். இதற்குப் போன் கடையைவிடப் பழைய ஸ்ரூடியோக்களில் விசாரிப்பது நல்லது.

சோனியின் சைபர்ஷொட் கமராக்கள் 2010இல்தான் எஸ்டிக்கு இடம் கொடுத்தன. அதற்கு முந்திய சைபர்ஷொட் சோனியின் சொந்தக் காட்டான மெமரி ஸ்ரிக் புரோ டுவோவைக் கேட்டால், மைக்ரோ எஸ்டி போடும் அடாப்டரைத் தயங்காமல் வாங்கலாம். ஒலிம்பஸ், புஜிபில்ம் கமராக்களின் எக்ஸ்டி காட்டுக்கு 2 ஜிபிதான் உச்சம், பழையது கிடைத்தால்தான் உண்டு. 2007க்குப் பிந்திய சில புஜிபில்ம் கமராக்களில் அதே துளையில் எஸ்டியும் போகும், அதை முதலில் பாருங்கள்.

எதை வாங்கினாலும் போலியா என்று சோதியுங்கள். போலிக் காட் 32 ஜிபி என்று காட்டும், உள்ளே 4 தான் இருக்கும். அது நிரம்பிய பிறகு எடுக்கும் படங்கள் பெயரோடு மட்டும் நிற்கும், திறந்தால் ஒன்றும் இராது. எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் காட்டை முழுக்க நிரப்பித் திரும்ப வாசித்து உண்மை அளவைச் சொல்லிவிடும். நல்லூர்த் தேரன்று காலையில் அல்ல, வாங்கிய அன்றே செய்யுங்கள். பிழை என்றால் மாற்றித் தருவார்களா என்று கடையில் முன்கூட்டியே கேட்டு, பில்லையும் வாங்கி வையுங்கள்.